கழிச்சலுக்குப் போனாலும் காப்பர் டி இருப்பதைச் சொல்லுங்கள்

காய்ச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி வெளியே போக வேண்டும் போல ஓர் உந்தல். மார்த்தாண்டமோ குளச்சலோ, எந்த ஊரானாலும் இதற்கு முதலில் வாங்குவது மெடிக்கல் ஷாப்பில் கழிச்சல் மாத்திரைதான். கருத்தடைக்காகக் கருப்பையில் காப்பர் டி போட்டிருப்பவருக்கு இந்தக் கழிச்சல் குடலில்தான் தொடங்கியது என்று சொல்லிவிட முடியாது.

கருப்பைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் மலக்குடல், இடப்பக்கம் பெருங்குடலின் கடைசி வளைவு, வலப்பக்கம் குடல்வால். கருக்குழாயில் சீழ் பிடித்தால் அது கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் தேங்கி மலக்குடலை உறுத்தும். கெட்டுப்போன சாப்பாட்டால் வரும் கழிச்சல் தண்ணீராக, நிறையப் போகும். இது கொஞ்சம் கொஞ்சமாகச் சளியோடு போகும். போன பிறகும் முட்டல் தீராது. கூடவே நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் உறவின்போது வலியும் இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

காப்பர் டி-யை வில்லனாக்கவும் வேண்டாம். அதனால் தொற்று வரும் வாய்ப்பு போட்ட முதல் மூன்று வாரத்தில்தான் கூடுதல். போடும்போதே கருப்பை வாயில் கிளமிடியா, கொனோரியா போன்ற கிருமி இருந்தால் இன்னும் கூடும். அப்புறம் மிகக் குறைவு.

பல வருடம் கழித்து வருகிற ஆக்டினோமைசிஸ் என்ற கிருமியின் தொற்று வேறு கதை. அபூர்வம்தான், ஆனால் ஏமாற்றும். சில வீடுகளில் கணவர் வளைகுடாவில், லீவுக்கு வந்து போகிறார். போட்ட காப்பர் டி போட்டபடி கிடக்கிறது. 380ஏ வகை என்றால் 10 வருடம், 375 வகை என்றால் 5 வருடம் என்ற கணக்கு யாருக்கும் நினைவில் இல்லை. இந்தக் கிருமி மெல்ல வளரும்; உறுப்புக்கும் உறுப்புக்கும் உள்ள எல்லையை மதிக்காமல் துளைத்துப் போகும். குடலைச் சுற்றிக் கல் போல இறுகி வழியைச் சுருக்கும், சிறுநீர்க் குழாயையும் நெரிக்கும். மலச்சிக்கல், எடை குறைவு, விட்டுவிட்டுக் காய்ச்சல் என்று வரும்; சி.டி. ஸ்கேனிலும் புற்றுநோய் போலவே தெரியும். காப்பர் டி பற்றி யாரும் கேட்காவிட்டால், நோயாளியும் சொல்லாவிட்டால், வெட்டாமல் தீர வேண்டியது வெட்டில் முடியலாம். மருந்து பெனிசிலின்: சில வாரம் நரம்பு வழியாக, பிறகு 6 முதல் 12 மாதம் மாத்திரையாக. கழிச்சலுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் இந்தக் கிருமியைத் தொடாது. நோய் உறுதியானால் காப்பர் டி-யையும் எடுத்துவிடுவார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாமல் பாப் ஸ்மியரில் (கருப்பை வாய்ச் செல் பரிசோதனை) மட்டும் கிருமி தெரிந்தால் மருந்தும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்.

முதலில் சொன்ன கருக்குழாய்த் தொற்று போன்ற சாதாரணத் தொற்றில் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்து, குழாய்க் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வார்கள். பிறகு ஊசியோடு 14 நாள் மாத்திரை. இரண்டு நாளில் வலி குறைந்தாலும் நிறுத்தக்கூடாது. உடனே காப்பர் டி-யை எடுக்கவேண்டியதில்லை. 48 முதல் 72 மணி நேரத்தில் தேறாவிட்டால் எடுப்பது பற்றி யோசிப்பார்கள், ஸ்கேனில் சீழ்க்கட்டி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கட்டி குடலுக்குள் உடைந்தால் மலத்தோடு சீழ் போகும், வலியும் சட்டென்று குறையும். அதைக் குணம் என்று நம்பிவிடக்கூடாது.

வயிறு உப்பி, வாந்தி எடுத்து, வாயுகூடப் பிரியவில்லை என்றால் குடலடைப்பு. பழைய தொற்றின் ஒட்டுதலால் பல மாதம் கழித்தும் இது வரும். பேதி மருந்து கொடுக்காமல், வாய் வழியாக எதுவும் கொடுக்காமல், 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி போல அறுவை வசதியுள்ள இடத்துக்குப் போகவேண்டும்.

காப்பர் டி-யின் நூல் தட்டுப்படவில்லையா? கர்ப்பம் இல்லை என்று பார்த்துவிட்டு ஸ்கேன்; கருப்பையில் காணோம் என்றால் வயிறு முழுக்க எக்ஸ்ரே. ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குக் கருப்பையைத் துளைத்து வெளியே போய்விடும். பால் கொடுக்கும் மாதங்களில் போட்டவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். செம்பு உறுத்தி, சுற்றிலும் ஒட்டிக்கொண்டு, சிலருக்குக் குடலுக்குள்ளேயே இறங்கும். அந்த நிலையில் நூலைப் பிடித்து இழுத்தால் குடல் கிழியலாம்.

போட்ட அன்று தந்த அட்டையை ரேஷன் கார்டோடு வையுங்கள். தொலைந்துவிட்டால் போட்ட மாதம், வருடம், எந்த வகை என்று போனில் குறித்து வைத்தாலும் போதும்.