பழைய 407-க்கு எந்த ஃபினிஷ்?

மாமாவின் டாடா 407 மினி லாரிக்கு பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்ட முதல் கேள்வி "என்ன கலர்?" கலரைப் பற்றி எனக்குப் பெரிய கவலையே இல்லை. ஆர்சியில் என்ன கலர் எழுதியிருக்கிறதோ அதையே அடித்துவிட்டால் ஆர்டிஓ அலுவலகப் பக்கம் போகிற வேலை மிச்சம், வேறு கலர் என்றால் ஆர்சியிலும் மாற்றியாக வேண்டும். (மாமா பையனுக்கு மிலிட்டரி பச்சை மேல் ரொம்ப நாளாக ஒரு கண். ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான் என்று 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதியே இருக்கிறது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.) நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டது ஃபினிஷ் விஷயத்தில்தான். பளபளவென்று க்ளாஸியா, பளபளப்பே இல்லாத மேட்டா, நடுவாந்திரமாக செமி க்ளாஸா?

வண்டி சொகுசாக வாழ்ந்த வண்டி இல்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏற்றும், சீசனில் பண்ருட்டி பலா ஏற்றும், நடுவில் சவுக்குக் கட்டை கிடைத்தாலும் விடாது. மீன் பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீர் உப்பும் சேர்ந்து ஓடி ஓடி, கேபினின் பின்பக்கக் கீழ் விளிம்பு விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதையெல்லாம் வெட்டி எடுத்து புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்தாயிற்று. டிங்கரிங் வேலை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பழைய வண்டியில் அங்கங்கே நெளிவு இருக்கத்தான் செய்யும். மேட் ஆசை வருவது அங்கேதான்.

ஏனென்றால் மேட் நெளிவை மறைக்கும். காய்ந்த பெயின்டின் மேல்பரப்பு வழவழவென்று இருந்தால் வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பி, எதிரில் நிற்கிறவர் முகம்கூடத் தெரியும். மேட் பெயின்டில் பெரும்பாலும் பொடிப்பொடியான சிலிக்கா கலந்திருப்பார்கள். அது மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களை உண்டாக்கி வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடித்துவிடும். பளபளப்பை அளக்க ஒரு மீட்டர் இருக்கிறது, 60 டிகிரி கோணத்தில் வெளிச்சத்தை விட்டுப் பார்ப்பார்கள். 70-க்கு மேல் காட்டினால் நல்ல க்ளாஸ், 10-க்குக் கீழே போனால் மேட், இடையில் இருப்பதைத்தான் கடைக்காரர்கள் செமி க்ளாஸ், சாட்டின் என்று இஷ்டத்துக்குப் பெயர் வைத்து விற்கிறார்கள். ஆகவே ஒரு கம்பெனியின் சாட்டினும் இன்னொரு கம்பெனியின் சாட்டினும் ஒன்றாக இருக்கும் என்று நம்பி ஆளுக்கொரு டின் வாங்கக் கூடாது.

ஆல்பேட்டை பக்கம் பட்டறை வைத்திருக்கிற பெயின்டர் அண்ணனிடம் மேட் என்று சொன்னதும் அவர் கையிலிருந்த எமரி பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, மேட்டு அடிச்சா பாக்க ஷோக்கா இருக்கும். தொடைக்க முடியாது. தொடைச்ச எடம் மட்டும் மினுமினுன்னு ஆயிடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது." அவர் வாய்ச்சொல்லோடு விடவில்லை. பட்டறை மூலையில் கிடந்த ஒரு பழைய கதவை எடுத்துத் தேய்த்து, பட்டை பட்டையாக க்ளாஸ், செமி, மேட் மூன்றையும் அடித்துக் காயவிட்டார்.

நன்றாகக் காய்ந்த பிறகு நான் அதன் மேல் பலாப் பாலைத் தடவினேன். பண்ருட்டி லோடு ஏற்றுகிற வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை வேறு என்ன இருக்கிறது? பின்கதவு, பக்கப் பலகை, டிரைவர் கதவின் கைப்பிடி என்று சீசனில் எங்கே தொட்டாலும் பலாப் பால்தான், அதை மண்ணெண்ணெய் தொட்ட துணியால்தான் எடுப்பார்கள். க்ளாஸ் பட்டையில் இரண்டு தேய்ப்பில் சுத்தமாக வந்துவிட்டது. செமி க்ளாஸில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மேட்டில் பால் வந்துவிட்டது, ஆனால் அந்த இடம் எண்ணெய் குடித்துக் கறுத்து நின்றது. சோப்புப் போட்டு இன்னும் தேய்த்தால் கறை போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மினுக்கம் வந்து உட்கார்ந்தது. பெயின்டர் அண்ணன் ஒன்றும் பேசவில்லை, டீ சொல்லப் போய்விட்டார்.

மேட்டின் இன்னொரு தொல்லை ரிப்பேர். க்ளாஸ் பெயின்டில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் அடித்து, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டு, காம்பவுண்ட் (பாலிஷ் பசை) வைத்துத் தேய்த்துப் பழைய பெயின்டோடு சேர்த்துவிடலாம். மேட்டிலும் செமியிலும் தேய்த்தால் அதுவே பளபளப்பாகிவிடும், முழுக் கதவையும் திரும்ப அடிப்பதுதான் வழி. அப்படி அடித்தாலும் பக்கத்துக் கதவோடு ஒத்துப்போகும் என்று நிச்சயம் இல்லை. டின்னின் அடியில் தங்கிய சிலிக்காவை சரியாகக் கலக்கவில்லை என்றாலோ, ஒரு கோட் கனமாக விழுந்துவிட்டாலோ, அன்றைக்குக் காற்றில் ஈரம் கூடுதலாக இருந்தாலோ பளபளப்பு மாறிவிடும். வாரத்துக்கொரு உரசல் வாங்குகிற லோடு வண்டிக்கு இந்த சீராட்டு எல்லாம் கட்டுப்படியாகாது. ஷோரூம் போட்டோவில் மேட் கறுப்பு அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

சரி, க்ளாஸ் என்று முடிவானால் எந்த பெயின்டில் க்ளாஸ்? நம் ஊர் லாரிகளில் காலம்காலமாக அடித்தது சிந்தெடிக் எனாமல். விலை குறைவு, பிரஷ்ஷாலும் அடிக்கலாம். ஆனால் அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகுகிற சரக்கு, ராத்திரி முழுக்க ஒட்டும் பதத்தில் இருக்கும், திறந்த கொட்டகையில் அடித்தால் ரோட்டுப் புழுதியும் கொசுவும் வந்து ஒட்டிக்கொள்ளும். வெயிலில் கொஞ்ச வருஷம் நின்றால் கையில் மாவு மாதிரி வரும். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அப்படி இல்லை, தின்னர் பறந்ததும் காய்ந்துவிடும். ஆனால் கடலோர ஊரில் அதற்கு வேறு கோளாறு. தின்னர் வேகமாகப் பறக்கும்போது தகரம் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து வெள்ளை பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே என்சி அடிப்பது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை. பழைய எனாமலின் மேல் நேராக என்சி அடித்தால் இன்னும் மோசம், தின்னர் கீழே இருப்பதைச் சுருட்டிக் கிளப்பிவிடும்.

மிச்சம் இருப்பது ஹார்ட்னர் (இறுக வைக்கிற சரக்கு) கலந்து அடிக்கிற பியு, அதாவது பாலியூரித்தேன் பெயின்ட். டீசல், உப்பு, வெயில் எல்லாவற்றையும் நன்றாகத் தாங்கும். செலவு கூடுதல், கலந்த பெயின்ட் சில மணி நேரத்துக்குள் இறுகத் தொடங்கும் என்பதால் அளவாகத்தான் கலக்க வேண்டும். அதைவிட முக்கியமான விஷயம் ஹார்ட்னரில் இருக்கிற ஐசோசயனேட். அந்தப் புகை சுவாசத்தில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலே மூச்சு இழுக்கும். மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு பியு அடிக்கிற பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பகீர் என்கிறது, துணி அந்த ஆவியைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வருகிற முகமூடிதான் சரியான பாதுகாப்பு. பெயின்டர் அண்ணன் அதை வைத்திருந்தார். அவரிடம் வண்டியை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபினிஷ் எதுவானாலும் அடியில் உப்பு மாட்டிக்கொண்டால் எல்லாம் வீண். தகரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் உப்பு, மேலே அடித்த பெயின்டைத் தாண்டி ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளம் கிளப்பும். அதனால் பட்டறைக்குப் போகும் முன்பே நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவு கழுவென்று கழுவினோம். கடற்காற்றில் தேய்த்த தகரம் ராத்திரிக்குள் செம்மண் நிறமாகிவிடும், அதனால் அன்றைக்குத் தேய்த்த இடத்துக்கு அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் (துரு பிடிக்காமல் காக்கிற அடிப்பூச்சு). பள்ளங்களை நிரப்பப் பூசுகிற பட்டி தண்ணீர் குடிக்கும் என்பதால் அதை உலர் எமரியில்தான் தேய்த்தார்கள். கடைசியாக பிரைமர் மேல் கறுப்பை லேசாகத் தூவிவிட்டுத் தேய்த்தார் அண்ணன். மேடான இடத்தில் கறுப்பு போய்விட்டது, பள்ளத்தில் தங்கிவிட்டது. க்ளாஸில் எந்தெந்த நெளிவு பல்லிளிக்கும் என்பது பெயின்ட் அடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. டிரைவர் பக்கக் கதவில் மட்டும் இன்னொரு சுற்று பட்டி போனது.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு, முழு வண்டிக்கும் ஒரே ஃபினிஷ் வேண்டாம் என்பது. கேபினுக்கு வெளியே க்ளாஸ் பியு, மெட்டாலிக் இல்லாத வெறும் கலர், அதன் மேல் நிறமில்லாத க்ளியர் கோட்டும் தனியாகக் கிடையாது. துடைத்தால் உப்பு போகும், கீறினால் பாலிஷ் போடலாம். பின்பாடிக்கு செமி க்ளாஸ் எனாமல். அங்கே மீன் பெட்டியும் கட்டையும் எப்படியும் உராயும், மாமாவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு திரும்ப அடித்துக்கொள்வார், அதுவும் பிரஷ் தடம் செமியில் க்ளாஸ் அளவுக்குக் கண்ணை உறுத்தாது. சேசிஸுக்குக் கறுப்பு செமி. மாமா பையனின் மேட் ஆசைக்கு டேஷ்போர்டின் மேல்பக்கத்தைக் கொடுத்தோம். இது அவனைச் சமாளிக்கச் செய்தது இல்லை, உண்மையிலேயே அங்கே மேட்தான் வேண்டும். பளபளப்பாக இருந்தால் காலை வெயிலில் கிழக்கே பார்த்து ஓட்டும்போது டேஷ்போர்டின் நிழல் கண்ணாடியில் விழுந்து ரோடே தெரியாது.

இப்போதைக்குத் தீராத ஒரே சண்டை முன்னால் பெயர் எழுதுவது. மாமா ரேடியம் ஸ்டிக்கர் என்கிறார், நான் கையால் எழுதுகிற ஆளைப் பிடிப்போம் என்கிறேன். க்ளாஸ் மேல் இரண்டும் நிற்கும், எழுதும்போது கை தவறினாலும் சுத்தமாகத் துடைத்துவிட்டுத் திரும்ப எழுதலாம். ஸ்டிக்கர் என்றால் மட்டும் பியு உள்ளே முழுசாக இறுகும்வரை பொறுக்க வேண்டும், அவசரப்பட்டு ஒட்டினால் அடியில் மிச்சமிருக்கிற தின்னர் வெளியேற வழியில்லாமல் குமிழ் குமிழாகக் கிளம்பும். மாமாவோ வர்ற வெள்ளிக்கிழமையே ஒட்டணும் என்று ஸ்டிக்கர் கடையில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.