குருத்தெலும்பில் நீரை அளக்க முயன்ற அனுபவம்

மூட்டுத் தேய்வுக்காக முழங்கால் மாற்று அறுவை செய்துகொள்பவர்களிடமிருந்து அகற்றப்படும் குருத்தெலும்பில் நீர், புரோட்டியோகிளைக்கன் (நீரை ஈர்க்கும் சர்க்கரைச் சங்கிலிகள் கொண்ட புரதம்), கொலாஜன் (வலைபோல் பின்னிய நார்ப் புரதம்) ஆகியவற்றின் அளவைக் கண்டறிவது என் முதுநிலை ஆய்வு. கைநாட்டு வைக்கும் நோயாளிகளுக்காகச் சாட்சி கையெழுத்திடும் இடம் தமிழ் ஒப்புதல் படிவத்தில் இல்லை என்று கோப்பைத் திருப்பிய நெறிமுறைக் குழு எழுத்தர், அதைத் திருத்திக் கொண்டுபோன பிறகுதான் ஆங்கிலப் படிவத்திலும் அது வேண்டும் என்றார். இரண்டையும் ஒரே நாளில் சொல்ல அவருக்கு ஏனோ மனம் வரவில்லை.

அனுமதி கிடைத்தபின் வந்த முதல் மாதிரிகள், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் ஊறி வந்தன. அறுவை அரங்கிலிருந்து வெளியேறும் திசு எதுவானாலும் நோய்க்குறியியல் துறைக்கே போகும் என்பது அங்குள்ளவர்களின் பழக்கம். வேண்டாம் என்றதும், அடுத்தவற்றைப் புட்டி நிறைய உப்புநீரில் மூழ்கடித்து அனுப்பினார்கள். இந்தக் கேடு கண்ணுக்குத் தெரியாது என்பதால் முன்னதைவிட மோசமானது. நலமான குருத்தெலும்பின் எடையில் 65 முதல் 80 விழுக்காடு நீர்தான் என்றாலும், கொலாஜன் வலை இறுக்கிப் பிடித்திருப்பதால் உப்புநீரில் இட்டாலும் அது பெரிதாக உப்புவதில்லை. தேய்ந்த மூட்டிலோ வலை தளர்ந்துவிடுவதால், அக்ரிகன் என்ற முக்கியப் புரோட்டியோகிளைக்கனின் எதிர்மின்னூட்டம் ஈர்க்கும் நீரைத் தடுக்க எதுவும் இல்லை. இதைக் குருத்தெலும்பு ஆய்வாளர் ஆலிஸ் மரூடாஸ் 1976-லேயே எழுதியிருக்கிறார். ஆகவே என் அளவீட்டில் நோயால் சேர்ந்த நீர் எது, புட்டியில் சேர்ந்த நீர் எது என்று பிரிக்கவே முடியவில்லை. போதாக்குறைக்கு, நொதிகள் துண்டித்த அக்ரிகன் சிதைவுகளும் புட்டிக்குள் கசிந்திருக்கும். அத்தனையும் குப்பைக்குப் போயின.

இதுபோன்ற ஆய்வில் இறங்கினால், திசுவை உப்புநீரில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, காற்றுப்புகாத உறையிலிட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்புமாறு பொறுப்புச் செவிலியரிடம் நேரில் கேளுங்கள். கடிதம் வேலைக்கு ஆகாது. வந்தவுடன் எடை போடுங்கள். மேற்பரப்பு ஈரத்தை ஒற்றியெடுக்கும் நேரம் எல்லா மாதிரிக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். நுண்ணோக்கியில் பார்க்கும் திசு வெட்டுக்குக் கால்சியம் நீக்கும்போது, விரைவில் முடியும் என்று வலிய அமிலத்தைப் பரிந்துரைப்பார்கள். அதில் புரோட்டியோகிளைக்கனும் கரைந்து, அதைச் சிவப்பாகக் காட்டும் சஃப்ரானின் சாயம் நலமான பகுதியிலும் வெளிறும். வாரக்கணக்கில் ஆனாலும் கால்சியத்தை மெதுவாகப் பிணைத்து எடுக்கும் இ.டி.டி.ஏ. கரைசலே நல்லது.

திசுவைப் பப்பெய்ன் நொதியால் கரைப்பதும், புரோட்டியோகிளைக்கனின் சர்க்கரைச் சங்கிலிகளை நீலச் சாயத்தால் அளப்பதும் தொல்லையின்றி முடிந்தன. ஒரே மூட்டின் தேய்ந்த பகுதியில் நீர் கூடி, சல்ஃபேட் ஏற்ற சர்க்கரைச் சங்கிலிகள் குறைந்திருப்பது தெளிவாகவே தெரிந்தது. உலர் எடையில் கொலாஜனின் பங்கு மட்டும் அவ்வளவாக மாறவில்லை. வாய்மொழித் தேர்வில் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கொலாஜனில் நிறைந்துள்ள அமினோ அமிலமான ஹைட்ராக்சிபுரோலினின் அளவீடு, கொலாஜன் எவ்வளவு இருக்கிறது என்பதையே காட்டும், வலை அறுந்திருப்பதைக் காட்டாது என்ற பதிலை முன்பே தயாராக வைத்திருந்தேன்.