டயாலிசிஸ் சென்டர் வாசலில் இளநீர் வண்டி

ஊசி எடுத்த இடத்தில் பஞ்சுக் கட்டோடு வெளியே வருகிறவரிடம், "உடம்புக்குக் குளிர்ச்சிண்ணே, குடிங்க" என்று சீவி நீட்டுகிறார் வண்டிக்காரர்.

100 மில்லி இளநீரில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம். ஒரு காயில் 300 மில்லி என்றாலே 600-ஐத் தாண்டும். டயாலிசிஸ் செய்பவருக்குப் பெரும்பாலும் சாப்பாடும் சேர்த்தே நாளுக்கு 2000 முதல் 3000தான்.

செயலிழந்த சிறுநீரகம் அதை வெளியேற்றாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் கால் தளரும். சில சமயம் அறிகுறியே காட்டாமல் நேராக இதயத் துடிப்பு குழம்பும். அதுதான் பயம்.

சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்து, கல் தொல்லை மட்டும் இருப்பவருக்கு இதே இளநீர் நல்லதுதான். உப்பில்லாத எலுமிச்சைச் சாறும்.

டயாலிசிஸ்காரருக்குத் தாகமா? சின்ன ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கலாம். அதையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்க்கணும்.