இதழை நம்பி அறிவோட்ட வரைபடம் போடாதீர்கள்

உயிரியல் தரவைக் கணினியால் ஆராயும் உயிரித்தகவலியலுக்குள் கணிதத்திலிருந்து எவ்வளவு வந்தது, கணினியியலிலிருந்து எவ்வளவு வந்தது? கட்டுரைகளின் மேற்கோள்களை எண்ணி, எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு அறிவு போனது என்று அம்புகளால் ஓர் அறிவோட்ட வரைபடம் போட்டுவிட்டால் தெரிந்துவிடும் என்றுதான் தோன்றும். கட்டுரை வெளியான இதழைப் பார்த்து அதன் துறையைக் குறிப்பதே வழக்கம். இங்கே அது முதல் அடியிலேயே சறுக்கும்.

1970-இல் நீடில்மேன்–வுன்ஷ், 1981-இல் ஸ்மித்–வாட்டர்மேன், 1990-இல் பிளாஸ்ட். மூன்றும் டிஎன்ஏ, புரத வரிசைகளை ஒப்பிடும் அல்காரிதம்கள். மூன்றும் வெளியானது 'ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜி'யில். இதழை நம்பினால், உயிரியலிலிருந்து உயிரியலுக்கே அறிவு போனதாக வரைபடம் சொல்லும். பிளாஸ்டுக்குப் புள்ளியியல் அடித்தளம் தந்த கார்லின்–ஆல்ட்சுல் கட்டுரை எல்லாத் துறைகளையும் வெளியிடும் பிஎன்ஏஎஸ் இதழில் வந்ததால், 'பல்துறை' என்ற பெட்டியில் விழுந்து எந்தக் கணக்கிலும் சேராது.

ஆகவே துறையைக் கட்டுரைவாரியாகக் குறியுங்கள். அது மேற்கோள் காட்டும் கட்டுரைகள் எந்தத் துறையில் அதிகமோ, அதுவே அதன் துறை. மேற்கோள் பட்டியல் குட்டையாக உள்ள பழைய கட்டுரைகளுக்கு இது பலிக்காது. அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட முதல் 100 கட்டுரைகளையாவது படித்துக் கையால் குறிப்பதுதான் நல்லது. அலுப்பான வேலைதான், ஆனால் படத்தின் எடையில் கணிசமான பகுதி அங்கே இருக்கக்கூடும்.

அடுத்தது எடை. உயிரியல் கட்டுரையின் பட்டியல் நீளம், கணிதக் கட்டுரையினுடையது பெரும்பாலும் குட்டை. மேற்கோளுக்கு ஒன்று என எண்ணினால் நீளப் பட்டியல்காரர்களே படத்தை நிரப்புவார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் மொத்த எடை 1 என்று வைத்துப் பிரியுங்கள்: 50 மேற்கோள்களில் 12 கணிதம் என்றால் கணிதத்தின் பங்கு 0.24.

அந்த 50-ஐ எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளின் திறந்த தரவுத்தளமான ஓபன்அலெக்ஸ் தரும் பட்டியலில் அடையாளம் காணப்பட்ட மேற்கோள்கள் மட்டுமே இருக்கும். 50-இல் 40 மட்டும் கிடைத்து, 40-ஆல் வகுத்தால், விடுபட்ட 10-உம் மற்றவற்றைப் போலவே பரவியிருப்பதாகக் கொண்டுவிடுகிறீர்கள். உண்மையில் அதிகம் விடுபடுபவை மாநாட்டுக் கட்டுரைகளும் மென்பொருள் இணைப்புகளும், அடிபடுவது கணினியியல். மொத்த எண்ணிக்கையை, பதிப்பாளர்கள் கட்டுரை விவரங்களைப் பதியும் கிராஸ்ரெஃபில் பார்த்து 50-ஆலேயே வகுங்கள். மிச்சம் 0.2-ஐ 'தெரியாதது' என்று தனி நிறத்தில் காட்டுங்கள்.

அம்பின் திசையையும் ஒருமுறை சரிபாருங்கள். மேற்கோள் புதியதிலிருந்து பழையதற்குப் போகிறது. அறிவு எதிர்த்திசையில் வருகிறது. தரவை அப்படியே வரைந்தால் படம் தலைகீழாகத்தான் இருக்கும்.