ஜெனீவாவில் முடிந்த இருபத்தைந்து வருடப் பேச்சு

கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பம் எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் 2024 மே மாதம் ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பு நடத்திய மாநாட்டை, வேலை முடிந்த பிறகு இணைய நேரலையில் விடாமல் பார்த்தேன். காப்புரிமை கேட்பவர் மரபு வளத்தின் மூலத்தைச் சொல்ல வேண்டும் என்று 1999-இல் கொலம்பியா கிளப்பிய பேச்சு, மே 24 அன்று ஒப்பந்தமாக நிறைவேறியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

விஷயம் இதுதான்: ஒரு கண்டுபிடிப்பு ஏதோவொரு செடியின் மரபு வளத்தை (அதன் மரபணுக்கள் அடங்கிய பொருளை) அடிப்படையாகக் கொண்டிருந்தால், அது எந்த நாட்டுச் செடி என்பதை விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும். பாரம்பரிய அறிவு என்றால், யாருடையது என்றும் சொல்ல வேண்டும். இது ஏன் தேவை என்பதற்கு ஓர் உதாரணம்: மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. நம் அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய சமஸ்கிருத நூல்களையும் 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றையும் காட்டிப் போராடி, 1997-இல் ரத்து செய்ய வைத்தது. அந்தப் பாடத்தில் பிறந்த பாரம்பரிய அறிவு மின்நூலகத்தில் இன்று சித்த மருத்துவ முறைகளும் இருக்கின்றன.

இந்தியாவில் இது புதிதல்ல. இங்கே காப்புரிமை விண்ணப்பமான படிவம் 1-லேயே உயிரியல் பொருள் பற்றி உறுதிமொழி கேட்பார்கள். அந்தப் பொருளுக்கு அனுமதி தருகிற தேசிய பல்லுயிர் ஆணையம் நம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் ஒரு குறை உண்டு. மூலத்தைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதற்காக மட்டும் காப்புரிமையை ரத்து செய்ய முடியாது, மோசடி நோக்கம் இருந்தாலொழிய. அந்தப் பிரிவு இன்னும் கடுமையாக இருந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 15 நாடுகள் சேர வேண்டும். இந்தியா அதில் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.