தேளிக் குஞ்சைத் தரம் பிரிக்கும் பெட்டி

பர்மாவின் மீன் குழம்பு நூடுல்ஸான மொஹிங்காவுக்குப் போகும் ஙாக்கூ மீன், நம் தேளிதான். ரங்கூன் பக்கம் குளத்தில் வளர்ப்பவர்கள் குஞ்சுப் பருவத்தில் தரம் பிரிக்காமல் விட்டால், பெரியது சிறியதைத் தின்றுவிடும். செத்தது கண்ணில்கூடப் படாது.

வலைத்தட்டு வேண்டவே வேண்டாம். தேளியின் பக்க முள் விரிந்து கண்ணியில் மாட்டும், இழுத்தால் ஒடியும், அந்தப் புண்ணில் நோய் ஏறும். பெட்டியின் அடியில் இடைவெளி விட்டு வரிசையாகப் பொருத்த வழவழப்பான பிவிசி குழாய்தான் சரி. சிறியவை இடைவெளி வழியே கீழே இறங்கும், பெரியவை பெட்டியிலேயே தங்கும்.

முதலில் இருபது குஞ்சுகளின் தலை அகலத்தை அளக்க வேண்டும். தேளிக்கு உடம்பைவிடத் தலைதான் அகலம், இடைவெளியை முடிவு செய்வது அதுதான். 12 மி.மீ. இடைவெளி என்றால், 21 மி.மீ. வெளிவிட்டமுள்ள அரை அங்குலக் குழாய் 13 போதும். பெட்டியின் உள்ளகலம் 44 செ.மீ. எதிரெதிர்ப் பலகைகளில் துளை மையங்கள் 33 மி.மீ. தள்ளி வரட்டும். குழாய் நீளம் 40 செ.மீ.யைத் தாண்டினால் நடுவில் வளைந்து இடைவெளி அகலும், பெரியதும் நழுவிவிடும். குறுக்கே ஒரு சட்டம் கொடுங்கள். அறுத்த பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

முந்தின நாள் தீனி நிறுத்தி, விடியற்காலையில், பெட்டியின் அடி நீரில் மூழ்கியிருக்கும்படி மிதக்கவிட்டு, குஞ்சுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுங்கள். நெருக்கினால் சிறியவை பெரியவற்றின் மேலேயே கிடக்கும், கீழே இறங்காது.