இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த மாதவிடாய் வலி

பள்ளி நாட்களிலிருந்தே எனக்கு மாதவிடாய் வலி உண்டு. ரத்தப்போக்கு தொடங்கும் நாளில் அடிவயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும். ஒரு மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரம் படுத்தால் மறுநாள் சரியாகிவிடும். முதல் குழந்தை பிறந்த பிறகு அதுவும் நன்றாகக் குறைந்தது. பல பெண்களுக்கு அப்படி நடப்பதுண்டு என்பதால் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகும் அதையேதான் எதிர்பார்த்தேன். வந்தது வேறு வலி.

இரண்டுமே சிசேரியன். இரண்டாவது குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்த வரை மாதவிடாய் வரவில்லை. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன், கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும். தாய்ப்பால் கொடுக்காதவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் மாதவிடாய் திரும்பிவிடுகிறது. பால் கொடுப்பவர்களுக்கு இத்தனை மாதம் என்று கணக்குச் சொல்ல முடியாது. முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளியாகலாம் என்பதால், மாதவிடாய் வராமலேயே மறுபடி கர்ப்பமாகவும் வாய்ப்பு உண்டு. பின்னால் மருத்துவர் முதலில் அதைத்தான் சோதித்துப் பார்த்தார்.

குழந்தை திட உணவுக்கு மாறி, பால் குடிப்பது குறைந்தபோது மாதவிடாய் திரும்பியது. ஆரம்பத்தில் முன்னே பின்னே வந்தது. அது சகஜம் என்று தெரியும், அதனால் கவலைப்படவில்லை. ஆனால் வலி மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. ரத்தம் வருவதற்குச் சில நாட்கள் முன்பே அடிவயிற்றில் ஒரு கனம் வந்து உட்காரும். இடுப்பிலிருந்து தொடை வரை இழுக்கும். ரத்தப்போக்கு நின்ற பிறகும் அந்தக் கனம் போகாது. ரத்தம் கட்டி கட்டியாக வந்தது. இரவில் பேட் மாற்றவே எழ வேண்டியிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாத நாட்கள் வந்தன.

அக்காவிடம் சொன்னேன். “ஆபரேஷன் பண்ண உடம்புடி, தேற ஒரு வருஷமாவது ஆகும்” என்றாள். அவள் சொன்னதில் அன்பு இருந்தது, ஓரளவு உண்மையும் இருந்தது. பிறகு போன ஒரு கிளினிக்கில், “குழந்தை பெத்தவங்களுக்கு இதெல்லாம் இருக்கும்மா, ரெண்டு மூணு மாசத்துல சரியாயிடும்” என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. பிரசவம் முடிந்த பெண்ணுக்கு என்ன வலி வந்தாலும் அதைப் பிரசவத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். என்றிலிருந்து வலிக்கிறது, முன்பு இருந்த வலி மாதிரியா, வேறு மாதிரியா என்று யாரும் கேட்பதில்லை.

என் தோழி ஒருத்தி செவிலியர். அவள்தான் ஒரு வேலை சொன்னாள்: “வலி எவ்வளவுன்னு எழுதறதோட, எப்ப வருது, எப்ப போகுதுன்னு எழுது.” மொபைல் காலண்டரில் குறிக்கத் தொடங்கினேன். வலி தொடங்கிய நாள், ரத்தம் தொடங்கிய நாள், இரண்டும் முடிந்த நாட்கள். எத்தனை பேட், கட்டி வந்ததா, மாத்திரை எப்போது போட்டேன், கேட்டதா இல்லையா. உடலுறவின்போது வலித்ததா, மலம் கழிக்கும்போது வலித்ததா என்பதையும் கூச்சப்படாமல் எழுதினேன். கூச்சமாக இருந்தால் நாமே புரிந்துகொள்ளும் ஏதாவது குறி போட்டுக்கொள்ளலாம், விட்டுவிட வேண்டாம்.

சில மாதங்கள் எழுதியதும் விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. என் பழைய வலி ரத்தத்தோடு வந்து ஓரிரு நாளில் போய்விடும். புதிய வலி ரத்தத்துக்கு முன்னால் வந்து, ரத்தம் நின்ற பின்னாலும் இருந்தது. பழைய வலிக்குக் கேட்ட அதே மாத்திரை இதற்குக் கேட்கவில்லை. இடைப்பட்ட நாட்களிலும் எட்டிப் பார்த்தது. வலி அதிகமாகிவிட்டது என்று மட்டும் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். வலியின் வகையே மாறிவிட்டது என்பது அந்தத் தேதிகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போனேன். அவர் காலண்டரை முழுவதும் படித்தார். பெரும்பாலான பெண்களுக்கு வரும் சாதாரண மாதவிடாய் வலிக்குக் காரணம் கருப்பையின் உட்சவ்வு சுரக்கும் புரோஸ்டகிளாண்டின் என்று விளக்கினார். கருப்பைத் தசையை இறுக்கி ரத்தத்தை வெளியே தள்ளுவது அதுதான். முதல் ஓரிரு நாளில் அது உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கிவிடும். இபுபுரூஃபென், மெஃபனமிக் ஆசிட் போன்ற மாத்திரைகள் அது உருவாவதையே தடுப்பதால், வலி தொடங்கியவுடன் உணவுக்குப் பிறகு போட்டால் நன்றாகக் கேட்கும். இந்த ஒழுங்கில் அடங்காத வலி என்றால், குறிப்பாகப் பல வருடம் ஒரு மாதிரி இருந்துவிட்டுப் புதிதாக மாறிய வலி என்றால், உள்ளே வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும் என்றார்.

பிறகு நிறையக் கேட்டார். இரண்டும் சிசேரியனா, நடுவில் டி அண்ட் சி (கருப்பையின் உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்தார்களா, காப்பர் டி போட்டிருக்கிறதா, வெள்ளைப்படுதலில் நாற்றம் உண்டா, காய்ச்சல் வந்ததா, சிறுநீர் போகும்போது எரிகிறதா என்று வரிசையாக. காப்பர் டி போட்டவர்களுக்கு முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் வலியும் ரத்தப்போக்கும் கூடுவது உண்டாம். எனக்கு அது இல்லை.

முதல் சோதனை சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. “ரத்தம்தான் மாதாமாதம் வருதே டாக்டர்?” என்றேன். “வர்ற ரத்தமெல்லாம் பீரியட்ஸ்னு எடுத்துக்க முடியாதும்மா. கருக்குழாயில கரு தங்கினாலும் ரத்தமும் வலியும் வரும். அதை முதல்ல இல்லைன்னு பார்த்துட்டுத்தான் மத்ததுக்குப் போவோம்” என்றார். சோதனை நெகட்டிவ்.

அடுத்து சிசேரியன் தழும்பை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலால் அழுத்திப் பார்த்தார். அங்கே எங்காவது கட்டி மாதிரி தட்டுப்பட்டு, மாதவிடாய் சமயத்தில் மட்டும் வீங்கி வலிக்கிறதா என்று கேட்டார். கருப்பையின் உட்சவ்வுத் திசு அறுவை சிகிச்சையின்போது தழும்பில் தங்கி வளர்வது உண்டு என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன். தையல் முடிச்சு என்றோ குடலிறக்கம் என்றோ அதைத் தவறாக நினைத்துவிடுவார்களாம். எனக்கு அப்படி எதுவும் இல்லை. உள் பரிசோதனையில் கருப்பை கொஞ்சம் பெரிதாக இருப்பதாகவும், அழுத்தும்போது வலிப்பதாகவும் தெரிந்தது. அதனால் உள் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

உள் ஸ்கேனைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். வயிற்று ஸ்கேனுக்கு நேர் எதிர் இது. மெல்லிய உறை மாட்டி ஜெல் தடவிய கருவியைப் பிறப்புறுப்பு வழியாகச் செலுத்துவார்கள். சங்கடமாக இருந்தது, ஆனால் பொறுக்க முடியாத வலி இல்லை. அழுத்தும்போது எங்கே வலிக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும், அதுவும் ஒரு தகவல்தான். பெண் ஒருவர்தான் செய்ய வேண்டும் என்றோ, கூட ஒரு பெண் நிற்க வேண்டும் என்றோ கேட்கலாம். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். நான் இரண்டையும் கேட்டேன், யாரும் முகம் சுளிக்கவில்லை.

கருப்பையின் பின்சுவர் முன்சுவரைவிடத் தடித்திருக்கிறது, தசைக்குள் மிகச் சிறிய நீர்க்கட்டிகள் தெரிகின்றன என்று ரிப்போர்ட் வந்தது. அடினோமயோசிஸ் என்றார் மருத்துவர். கருப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வுத் திசு, கருப்பையின் தசைச் சுவருக்குள்ளேயே புகுந்து வளர்வது. மாதாமாதம் அதுவும் தூண்டப்படுவதால் சுவர் வீங்கி வலிக்கிறது, ரத்தமும் அதிகம் போகிறது. பிள்ளை பெற்றவர்களிடமும், கருப்பையில் அறுவை சிகிச்சை நடந்தவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. புற்றுநோய் இல்லை என்று நான் கேட்கும் முன்பே அவர் சொன்னார், அதற்கு அவருக்கு நன்றி. சிசேரியன் வெட்டிய இடத்தில் கருப்பைச் சுவரில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் அதே ஸ்கேனில் பார்த்தார்கள். அது இருந்தால் மாதவிடாய் முடிந்த பிறகும் பழுப்பு நிறத்தில் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கலாமாம். ஃபைப்ராய்டு எனப்படும் கருப்பைத் தசைக் கட்டிகளும் இல்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தது, இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் குறைவு. கைக்குழந்தையோடு தூக்கம் இல்லாததால்தான் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் பாதி ரத்தசோகை. இரும்பு மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்த தெம்பு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும், அப்போதுதான் சேமிப்பு நிரம்பும் என்று சொல்லியிருந்தார்.

சிகிச்சையில் அவசரப்படுத்தவில்லை. வலி வரப்போகிறது என்று தெரிந்தவுடனே மெஃபனமிக் ஆசிட், ரத்தம் அதிகம் போகும் நாட்களில் மட்டும் டிரானெக்சாமிக் ஆசிட். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ரத்தம் உறையும் பிரச்சினை முன்பு வந்தவர்களுக்கு இரண்டாவது கூடாது. தாய்ப்பால் கொடுப்பதை இரண்டு தடவை சொன்னேன், நீங்களும் சொல்லுங்கள். நிரந்தரத் தீர்வு கருப்பையை எடுப்பதுதான், ஆனால் அதைக் கடைசியாக யோசிக்கலாம் என்றார். நடுவில் ஹார்மோன் வழிகள் இருந்தன: புரோஜெஸ்டோஜென் மாத்திரை, அல்லது லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும் கருப்பைச் சாதனம்.

நான் சாதனத்தைத் தேர்ந்தெடுத்தேன். போடும்போது கருப்பைச் சுவரைத் துளைத்துவிடும் ஆபத்து அரிது என்றாலும், பால் கொடுக்கும் காலத்தில் அது சற்றுக் கூடுதல் என்று முன்கூட்டியே சொன்னார்கள். முதல் சில மாதங்கள் தாறுமாறாக ரத்தம் படலாம் என்றும் சொன்னார்கள், அப்படியே பட்டது. சொல்லாமல் விட்டிருந்தால் பயந்துபோய் எடுத்துவிடச் சொல்லியிருப்பேன். இது கருத்தடையாகவும் வேலை செய்யும் என்பதால், அடுத்த குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு வழி வேறாக இருக்கும்.

கிளம்பும்போது, எதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது என்று கேட்டேன். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுவதும் நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி. திடீரென்று ஒரு பக்கமாக வெட்டும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் என்றாலும் அப்படித்தான், கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவாக இருந்தால் இன்னும் அவசரம். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலும் நாற்றமுள்ள கசிவும் அடிவயிற்று வலியும் சேர்ந்தால் கருப்பைத் தொற்றாக இருக்கலாம். குழந்தை பிறந்து முதல் சில வாரங்களில் வரும் ரத்தத்தை மாதவிடாய் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது என்று அழுத்திச் சொன்னார். அது பிரசவத்துக்குப் பிந்தைய கசிவு. நாளாக ஆக நிறம் வெளிறிக் குறைய வேண்டும். குறைந்துகொண்டே வந்தது திடீரென்று சிவப்பாகக் கொட்டினாலோ பெரிய கட்டிகள் வந்தாலோ அன்றே காட்ட வேண்டும். உள்ளே நஞ்சுக்கொடியின் துணுக்கு தங்கியிருக்கக்கூடும்.

இவ்வளவு அவசரம் இல்லாவிட்டாலும் நேரம் வாங்கிப் போக வேண்டியவை என்று வேறு சிலவற்றைச் சொன்னார். ஏழு நாளைத் தாண்டும் ரத்தப்போக்கு, மாதவிடாய்களுக்கு நடுவில் ரத்தம் படுவது, உடலுறவிலோ மலம், சிறுநீர் கழிக்கும்போதோ வலி, மாத்திரைக்கு அடங்காத வலி, இரண்டு மூன்று சுழற்சியாக ஏறிக்கொண்டே போகும் வலி. டி அண்ட் சி-க்குப் பிறகு ரத்தம் மிகக் குறைந்து வலி மட்டும் மாதாமாதம் வந்தாலும் காட்ட வேண்டும், கருப்பையின் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். உங்கள் பழைய வலியிலிருந்து இது வேறுபட்டது என்று தோன்றினால் அதுவே போவதற்குப் போதுமான காரணம் என்றார். ஸ்கேன் நார்மல் என்று வந்து வலி தொடர்ந்தால் அங்கேயே விட்டுவிட வேண்டாம் என்றும் சொன்னார், எண்டோமெட்ரியோசிஸ், அதாவது உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது, ஸ்கேனில் தெரியாமல் போவது உண்டு.

இப்போது ரத்தம் படுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. வலி முழுவதும் போகவில்லை, ஆனால் வந்த நாளிலேயே மாத்திரைக்கு அடங்குகிறது, பின்னால் இழுத்துக்கொண்டு நிற்பதில்லை. மறு ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். காலண்டரில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன், அன்று கொண்டுபோய்க் காட்டுவதற்காக.